டாக்டர் செங்கமலம் மாற்றிப் போட்ட ஊசி

தேவிகாபுரம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. என் மைத்துனர் மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம். அழைத்தவர் ஆரணியில் டாக்டர் செங்கமலத்தின் கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் தேன்மொழி.

"சார், டாக்டரம்மா போயிட்டாங்க" என்றார்.

"எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் வேலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவது வழக்கம். யாரோ பல்வலியோடு கிளினிக் வாசலில் வந்து நிற்கிறார்கள், அதற்காகத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு எட்டியது. காலையில் காபியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

கிடைத்த பஸ்ஸில் ஏறி ஆரணிக்கு வந்தேன். அவர் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி வீடுகள். தெருவில் கூட்டம் சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "தறிய நிறுத்திடட்டுமாங்க?" என்று டாக்டரின் கணவர் ராஜவேலுவிடம் கேட்டார். "வேணாம், ஓடட்டும். அந்த சத்தம் இல்லன்னா அவளுக்குத் தூக்கமே வராது" என்றார் அவர். சொல்லி முடித்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இந்த ஊரில் பாதிப் பேர் டாக்டர் செங்கமலத்திடம் வாயைத் திறந்து காட்டியவர்கள். அவருடைய கை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர் கோபமும் உங்களுக்குத் தெரியும். பாக்கு போடுகிறவர்களை அவர் திட்டியதைக் கேட்டு, காத்திருந்த மற்றவர்கள் மெதுவாக எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பட்டுத் தறி நெய்தவரின் மகள். எங்கள் ஊர்த் தறிக்காரத் தெருவிலிருந்து படித்து வந்த முதல் பல் டாக்டர். சென்னையிலேயே இருந்துவிடச் சொன்னவர்களிடம், "அங்க பல்லு பார்க்க ஆள் இருக்குது. எங்க தெருவுல வெறும் பல்வலிதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு ஊருக்கே வந்து கிளினிக் திறந்தவர்.

நான் பல் செட் கட்டுகிறவன். அவர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். நான் அதில் கல்லாக இறுகும் மாவைக் கரைத்து ஊற்றி, பல் அடுக்கி, செட்டாகச் செய்து கொடுப்பேன். கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் அறைதான் என் பட்டறை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத் தட்டாமல் திறக்கிறவர் அவர் ஒருவர்தான்.

அவரைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது வறுத்த வேர்க்கடலைதான். அவர் மேசை இழுப்பறையில் அது எப்போதும் இருக்கும். புதிதாகச் செட் போட்டுக்கொண்டவர்கள் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கும்போது, டாக்டர் ஒரு கை கடலையை எடுத்து நீட்டுவார். "பல்லு கண்ணாடியில பார்க்கறதுக்கு இல்லைங்க. கடிங்க" என்பார். ஒருமுறை ஒரு விவசாயி கடலையைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பெரிய மனதோடு, "என் ஈறுதாம்மா சரியில்ல. வயசாயிடுச்சு. நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றார். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. "உங்க ஈறு நீங்க பொறந்ததுல இருந்து உங்க வாயில இருக்குது. செட்டு நேத்து வந்தது. அதுதான் உங்களுக்கு ஒத்துப்போவணும், நீங்க அதுக்கு ஒத்துப்போவக் கூடாது" என்று சொல்லிவிட்டு, "மூர்த்தி!" என்று கதவைத் திறந்தார். நான் அந்தச் செட்டை அரத்தால் ராவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் நான் அடுத்துச் சொல்லப்போவது புரியும்.

மகளுக்குத் திருமணம் ஆன பிறகு டாக்டர் ஒரு ரிக்கார்டு பிளேயர் வாங்கினார். சென்னையில் யாரோ விற்ற பழைய டர்ன்டேபிள். வீட்டில் வைக்க இடமில்லை என்று என் பட்டறையில் கொண்டுவந்து வைத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு இசைத்தட்டைப் போட்டுவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பார். ராஜவேலு ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "செல்போன்ல இல்லாத பாட்டா?" என்று கேட்டார். "செல்போன்ல இருக்கறத யாரு வேணா கேக்கலாம். இது கெட்டுப்போனா நானே சரி பண்ணலாம். அதான் பிடிச்சிருக்குது" என்றார் டாக்டர். அந்த மெஷினை அவர் நோயாளியைப் போலத்தான் பார்த்தார். "பாவம், இதுக்கு ஒரே ஒரு பல்லு" என்று ஊசியைக் காட்டிச் சொல்வார்.

சேவூர் கன்னியம்மாள் அந்தக் காலத்தில்தான் செட் கட்டிக்கொள்ள வந்தார். பட்டுத் தறியில் உட்கார்ந்தே முதுகு வளைந்துபோன, எழுபது வயதைத் தாண்டிய அம்மாள். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். செட் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க, கடிக்க வைத்தால் மட்டும் போதாது. பேச வைத்தும் பார்க்க வேண்டும். சகரம் வரும் சொற்களில்தான் குறை தெரியும். பல்லுக்கு நடுவில் காற்று சீறும்.

"அக்கா, சேவூர் சந்தையில செவப்புச் சேலைன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர். கன்னியம்மாள் சொன்னார். லேசாக விசில் சத்தம் வந்தது. நான் முன்பல்லைக் கொஞ்சம் திருத்தினேன். மறுபடி சொல்ல வைத்தோம். பரவாயில்லை.

"ஒரு பாட்டுல ரெண்டு அடி பாடிக் காட்டுங்க. இழுத்து பாடும்போது இன்னும் நல்லா தெரியும்" என்றார் டாக்டர்.

கன்னியம்மாள் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அத்தை பாட மாட்டாங்க டாக்டரம்மா" என்றார் மருமகள். "ஒரு காலத்துல ரிக்கார்டே குடுத்தவங்க. ஆனா பாட மாட்டாங்க."

"நீ சும்மா இரு" என்றார் கன்னியம்மாள்.

டாக்டர் விடுகிறவரா? அடுத்த நோயாளியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேட்டுக் கேட்டு வாங்கிய கதை இதுதான்.

கன்னியம்மாள் இளவயதில் சேவூர் அம்மன் கோயிலில் பாடுவார். அவர் அம்மா தறியில் உட்கார்ந்து தானாகக் கட்டிய பாட்டுகள். திருவிழாவுக்கு வந்த ஒரு பட்டு வியாபாரி கேட்டுவிட்டு, சென்னைக்கு அழைத்துக்கொண்டுபோய், அப்போது இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் அதை ரிக்கார்டாகப் பதிய வைத்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு. அடுத்த ஆடித் திருவிழாவில் மைக் செட்டில் அதைப் போட்டார்கள். ஊரே கூடி நின்று கேட்டது. பாட்டு நன்றாகவே போனது. கடைசி அடியில் அம்மனுக்குச் சந்தனம், செவ்வந்தி, சேலை என்று சாத்திக்கொண்டே குரல் மேலே ஏறும். அந்த இடத்தில் குரல் கிழிந்தது. கரகரவென்று பிசிறடித்து, எந்தச் சொல்லும் புரியாமல் போயிற்று. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"எங்க நாத்தனார் பவுனம்மா தான் சொன்னா" என்றார் கன்னியம்மாள். "நல்லா ஓடிகினு இருந்த பட்டுல இழை அறுந்த மாதிரி இருக்குதுன்னு. அன்னையில இருந்து எனக்கு அந்தப் பேரு. அறுந்த இழை. சின்னப் பசங்க கூட கூப்புடுவானுங்க. எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல. ஆனா மறுபடி பாடச் சொல்லவும் இல்ல."

"பதியும்போது உங்களுக்குத் தெரியலையாக்கா, குரல் உடையறது?"

"நான் நல்லாத்தான் பாடுனேன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார் அந்த அம்மாள். "அதாம்மா பேஜாரு. நல்லா பாடுனதா நெனச்சேன்."

அந்தக் கடைசி வார்த்தைகள் டாக்டரை உலுக்கிவிட்டன. அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. "தான் பாடுனது நல்லா இருந்துச்சா இல்லையான்னு ஒரு பாட்டுக்காரிக்குத் தெரியாதா மூர்த்தி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தட்டு வீட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் அதைக் கொண்டுவரச் சொன்னார். மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் கொண்டுவந்து கொடுத்தார். போட்டுப் பார்த்தோம். எனக்கு முதல் அடியிலேயே உடம்பு சிலிர்த்தது. அப்படி ஒரு குரல். ஆனால் கதையில் சொன்னது போலவே, பாட்டு முடியப் போகும் இடத்தில் குரல் பிசிறத் தொடங்கியது. திருவிழாவில் கேட்டது மெஷினின் கோளாறு அல்ல, குரலின் கோளாறுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

டாக்டர் தட்டைத் திருப்பி மறுபக்கத்தைப் போட்டார். அதிலும் முடியும் இடத்தில்தான் கெட்டது. பிறகு வேறு ஒரு தட்டைப் போட்டார். ஒரு ஆண் பாடகரின் தட்டு. அதிலும் உள்பக்கம் வரும்போது சகரமெல்லாம் சீறியது. இத்தனை நாளும் நாங்கள் அதைக் கவனித்ததில்லை.

"எல்லாரும் கடைசி அடியிலதான் குரல் உடைஞ்சி நிக்கிறாங்களா?" என்றார் டாக்டர்.

ஊசியை மெதுவாக உருவினார். இந்த மாதிரி மெஷினில் ஊசி ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டில் பதிந்து, கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியின் முன்னால் செருகியிருக்கும். முன்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனார். அங்கே மைக்ராஸ்கோப் பார்த்துக்கொண்டிருந்தவர், "டாக்டரம்மா, டைபாய்டு பார்த்துகினு இருக்கேன்" என்று கெஞ்சினார். "உங்க டைபாய்டு எங்கயும் போயிடாது, ஜல்தி எழுந்திரிங்க" என்றார் இவர். நானும் குனிந்து பார்த்தேன். ஊசியின் முனையில் பதித்த, கடுகைவிடப் பொடியான வைரத்தின் நுனி உருண்டையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் எனக்கு விளக்கினார். தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. வெளி ஓரத்தில் ஒரு சுற்று பெரியது, அதனால் பாட்டு தாராளமாகப் பதிந்திருக்கும். உள்ளே வர வரச் சுற்று சிறுத்துக்கொண்டே போகும், பாட்டு நெருக்கமாகிவிடும். அந்தப் பொடி வளைவுகளுக்குள் மழுங்கிய உருண்டை நுனி இறங்க முடியாது. மேலே தடுக்கித் தடுக்கிப் போகும். அந்தத் தடுக்கல்தான் பிசிறு. "பல் இடுக்குல பெரிய பிரஷ் போவுமா? அந்த மாதிரிதான். அழுக்கு இடுக்குல இருக்குது, நாம பல்ல குத்தம் சொல்லிகினு இருக்கோம்" என்றார்.

"அப்ப வேற மெஷின் வாங்கணுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? உடம்பு நல்லாத்தான் இருக்குது. பல்ல மட்டும் மாத்தினா போதும். ஆனா இதே பல்லு வேணாம். இதைவிட நல்ல பல்லு."

சென்னையில் ஒரு கடைக்காரரிடம் பேசினார். அதே ஊசி கைவசம் இருக்கிறது, அதுவே போதும் என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "போதுமா இல்லையான்னு நான் கேக்கலைங்க. இந்த உடம்புல செருகற மாதிரி, இதைவிட நுனி மெல்லிசா எது இருக்குதோ அதை அனுப்புங்க" என்றார் டாக்டர். புது ஊசி வரும்வரை கன்னியம்மாளின் தட்டை மறுபடி போடவே விடவில்லை. தேய்ந்த ஊசி தட்டைக் கீறிவிடுமாம். அதை ஒரு பழைய எக்ஸ்ரே உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. அன்று திருவிழாவில் போட்ட மைக் செட்டின் ஊசி அந்த இடத்தை ஏற்கெனவே உழுது போட்டிருந்தால்? இல்லை, குரலே உண்மையில் உடைந்திருந்தால்? டாக்டரிடம் சொன்னேன். அவரும் அதை மறுக்கவில்லை. "மெல்லிசு நுனி பள்ளத்துல இன்னும் கீழே இறங்கும். பழைய ஊசி தொடாத இடம் அங்க கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். இல்லாமலும் போவலாம்" என்றார். முதலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கேட்டுவிட்டு, நன்றாக இருந்தால் அந்த அம்மாளைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தோம்.

ஆனால் மருமகள் விஷயத்தை மாமியாரிடம் சொல்லிவிட்டார். கன்னியம்மாள் மறுநாளே டவுன் பஸ் ஏறி வந்து நின்றார். பெருங்கோபத்தில் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நான் இல்லாம போடாதீங்க" என்றார்.

"கெட்டுப்போயிருந்தா உங்களுக்கு மறுபடி கஷ்டமா இருக்குமேக்கா" என்றார் டாக்டர்.

"நான் இல்லாம போட்டா, நல்லா இல்லன்னாலும் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடுவீங்க. உங்க ரெண்டு பேரு மூஞ்சியும் அப்படி. நான் எங்காதால கேக்கணும்."

புது ஊசி பார்சலில் வந்த அன்று மதியம், கிளினிக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். டாக்டர், கன்னியம்மாள், மருமகள், தேன்மொழி, நான். பல் பார்க்கும்போது கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை டாக்டர் மாட்டிக்கொண்டார். ஊசி பதிந்திருந்த கம்பி தலைமுடிபோல இருந்தது. விரலால் அந்தக் கம்பியைத் தொடாமல், பிளாஸ்டிக் துண்டை மட்டும் பிடித்து, பெட்டியின் முன்னால் வைத்து மெல்லத் தள்ளினார். கிளிக் என்று சின்னச் சத்தம்.

தட்டைப் போட்டார். ஊசி இறங்கியது. முன்பைவிட மோசமாக இருந்தது. குரல் மெலிந்து, சகரம் ஒவ்வொன்றும் காதைக் குத்தியது. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் கேட்டது. முதல் அடி முடியும் முன்பே கன்னியம்மாள் எழுந்துவிட்டார்.

"போதும்மா. ஊசி மாத்தினா தொண்டை மாறுமா?" என்று பையை எடுத்துக்கொண்டார்.

டாக்டர் உடனே ஊசியைத் தூக்கினார். பதற்றமே இல்லை. "அக்கா, உங்க செட்டு முதல் நாளே சரியா உட்கார்ந்துச்சா? எத்தனை வாட்டி ராவினோம்? இதுவும் செட்டுதான். உக்காருங்க."

கன்னியம்மாள் நின்றுகொண்டே இருந்தார். போகவுமில்லை, உட்காரவுமில்லை.

மெல்லிய நுனி என்றால் அது நேராக நிற்க வேண்டும். பழைய உருண்டை ஊசி எப்படி நின்றாலும் சமாளித்துவிடும். இது அப்படி இல்லை. டாக்டர் எதிரில் இருந்து பார்த்தார். கார்ட்ரிட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்தாற்போலத் திரும்பியிருந்தது. "மூர்த்தி, லைட்ட இப்படிக் காட்டுங்க" என்றார். மேலே இருந்த இரண்டு பொடித் திருகுகளைத் தளர்த்தி, பல் குத்தும் கருவியின் முனையால் பெட்டியை இம்மியளவு நகர்த்தி, மறுபடி முறுக்கினார். புது ஊசிக்கு எவ்வளவு எடை வேண்டும் என்று உறையில் போட்டிருந்ததைப் பார்த்து, ஊசியைத் தாங்கும் மெஷின் கையின் பின்பக்க எடையைத் திருகிச் சரி செய்தார். சோதித்துப் பார்க்கக் கன்னியம்மாளின் தட்டைத் தொடவில்லை. அந்த ஆண் பாடகரின் தட்டில் உள்பக்கத்தை மட்டும் போட்டார். சீற்றம் காணாமல் போயிருந்தது. தேன்மொழி என்னைப் பார்த்தார். டாக்டர் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு கன்னியம்மாளின் தட்டைப் போட்டார்.

இளம் பெண்ணின் குரல் அந்த அறையில் எழுந்தது. தாளம் போடும் கைவளையல் சத்தம்கூடக் கேட்டது. முன்பு அது இருந்ததே எங்களுக்குத் தெரியாது. நடுப்பகுதி தாண்டியது. ஊசி உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சந்தனம் வந்தது. செவ்வந்தி வந்தது. சேலை என்று குரல் ஏறியது, ஏறிய இடத்தில் நின்றது, அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றியது, எந்த இடத்திலும் உடையாமல் மெல்ல இறங்கி முடிந்தது. லேசான கொறகொறப்பு மட்டும் பின்னால் எங்கோ மழைத் தூறல்போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

மருமகள் அழுதுவிட்டார். தேன்மொழியும். நானும்தான். கன்னியம்மாள் அழவில்லை. எப்போது உட்கார்ந்தார் என்று தெரியவில்லை, உட்கார்ந்திருந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "செவ்வந்திக்கு முன்னால மூச்சு எடுத்துட்டேன். அங்க எடுத்திருக்கக் கூடாது" என்றார்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அக்கா, இத்தனை வருஷம் கழிச்சு கேட்டு, தப்பு கண்டுபிடிக்கிறீங்க பாருங்க!" என்றார்.

"தப்புன்னா தப்பு தானே" என்றார் கன்னியம்மாள். பிறகு, "இன்னொரு வாட்டி போடு டாக்டரம்மா" என்றார். அன்றுதான் முதல்முறையாக டாக்டரை ஒருமையில் கூப்பிட்டார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் மெஷினைக் காரில் ஏற்றிக்கொண்டு சேவூருக்குப் போனார். கன்னியம்மாள் கேட்டது அது ஒன்றுதான். பவுனம்மா கேட்க வேண்டும். அன்று சிரித்தவர்களில் மிச்சம் இருந்தவர் அந்த நாத்தனார் மட்டும்தான். வழியெல்லாம் மெஷினை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். டாக்டர் கார் ஓட்டுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஊசிக்கு எதுவும் ஆகாமல் போய்ச் சேர்ந்தது அம்மன் புண்ணியம்.

கூடத்தில், தறிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் மெஷினை வைத்தோம். தெருவே வந்துவிட்டது. பவுனம்மாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார வைத்தார்கள். காது கொஞ்சம் மந்தம் என்று ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். பாட்டு முடிந்தது. பவுனம்மாதான் முதலில் பேசினார்.

"அப்ப, அன்னைக்கு மிசினுதான் கெட்டுப்போயிருந்துச்சா?"

"ஆமாம்" என்றார் கன்னியம்மாள். "மிசினு கெட்டுப்போயிருந்துச்சு. நீ சொன்னது?"

பவுனம்மா ஸ்பீக்கரிலிருந்து கன்னியம்மாள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "நான் கெட்டுப்போயிருந்தேன்டி" என்றார். "உன்ன மெட்ராசுக்கெல்லாம் கூட்டிகினு போனாங்க. எனக்கு வயித்தெரிச்சல். அதான் சொன்னேன்." ஊர் முன்னிலையில், அந்த வயதில், அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். கன்னியம்மாள் மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "சரி, காபி குடிச்சிட்டு போ" என்றார்.

அந்த ஆடியில் கன்னியம்மாள் கோயிலில் பாடினார். இளவயதுக் குரல் இல்லை. ஆனால் கடைசி அடியில் ஏறி நின்றார். செவ்வந்திக்கு முன்னால் மூச்சு எடுக்கவில்லை. சகரம் ஒன்றுகூடச் சீறவில்லை. டாக்டர் முதல் வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "அந்தப் பல்லு எங்க மூர்த்தி கட்டினது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊசியைப் பற்றி யாராவது கேட்டால், "அது நான்" என்றார். இல்லாத அடக்கத்தை அவர் ஒருநாளும் காட்டியதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கும்.

அவரைக் கிடத்தியிருந்த அன்று கன்னியம்மாளும் பவுனம்மாவும் ஒன்றாகவே வந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து, தலைமாட்டில் அக்கம்பக்கமாக உட்கார்ந்தார்கள். எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்து பட்டறைக்குத் திரும்பியபோது, என் மேசையில் ஒரு அச்சு இருந்தது. செய்யாரில் கம்பெனி பஸ் ஓட்டும் ஒருவருக்காக, இறப்பதற்கு முந்தின நாள் டாக்டர் எடுத்தது. அவர் எடுத்த கடைசி அச்சு. நான் அதில் மாவு ஊற்றி, பல் அடுக்கி, செட்டை முடித்தேன். பொருத்திப் பார்க்க அவர் இல்லாததால் ஊரில் இருக்கும் இன்னொரு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் அந்த ஓட்டுநரின் வாயில் செட்டை வைத்தார். கடிக்கச் சொன்னார், பேசச் சொன்னார், கழற்றிப் பார்த்தார், மறுபடி வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "ராவறதுக்கு இதுல இடமே இல்லைங்க. அச்சு எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

பெயரைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் தானாக உயர்ந்ததை உணர்ந்தேன்.

செட் கொடுத்துவிட்டால் அந்த மாவு அச்சை உடைத்துப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். இதை உடைக்கவில்லை. யாரோ ஒரு பஸ் டிரைவரின் ஈறும் எலும்பும்தான் அதில் இருக்கிறது. ஒரு மயிரிழை பிசகில்லாமல் இருக்கிறது. அது என் அலமாரியில் இருக்கிறது. என்னிடம் அவர் விட்டுச்சென்றது அது. அதைப்போல அச்சு எடுக்கத் தெரிந்த ஒருவரோடு, ஒரு கதவு தூரத்தில், இத்தனை காலம் நான் வேலை செய்தேன்.